கத்தாத பிள்ளை

எனக்கு இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும், ஐயா. காய் நறுக்கும்போது மனைவி விரலை வெட்டிக்கொண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "பேய்க்கதை எழுதுற ஆளு, ஒரு சொட்டுக்கு மயங்குறாரே" என்று கேலி செய்வாள். அதெல்லாம் எங்கள் மகள் இருந்த காலத்தில்.

அவளுக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டு அவள் வந்த டவுன் பஸ், பாலத்துச் சுவரை இடித்துக்கொண்டு கீழே உருண்டது. நொறுங்கிய இருக்கைகளுக்கு அடியிலிருந்து அவளை எடுத்தபோது இடுப்புக்குக் கீழே பார்க்கும்படி ஒன்றும் இல்லை. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எப்படிச் செத்தாள் என்று சொல்ல ஆளில்லை. அதனால் நானே எழுதிப் பார்த்தேன்.

அதற்கு முன் எழுதியவை யார் கண்ணிலும் படவில்லை. பிறகு வந்தவைதான் பேசப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை எதற்கடியிலாவது நசுங்கும். தொண்டை கிழிந்து இரத்தம் கொப்பளிக்கும்வரை அப்பாவைக் கூப்பிட்டுக் கதறும். வாசகர்கள் விளக்கை அணைக்காமல் தூங்கினார்களாம். என் மனைவி ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை.

ஒரு வானொலிப் பேட்டியில் மகளைப் பற்றியும் அந்தக் கதறலைப் பற்றியும் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு ஒரு தையற்காரம்மா வீடு தேடி வந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். அதே பஸ்ஸில் வந்தவராம்.

"தம்பி, உங்க பொண்ணு கத்தவே இல்லப்பா. என் மடியிலதான் தலை வச்சிருந்தா. உடம்பு மரத்துப்போச்சு போல. அப்பா வருவாரான்னு கேட்டா. வந்துகிட்டே இருக்காரும்மான்னு சொன்னேன். அப்படியே கண்ண மூடிட்டா. நீங்க இதச் சுமந்துகிட்டுத் திரியிறது தெரியாமப் போச்சே."

மனைவி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அப்புறம் சிரித்தாள். அன்று அசந்து தூங்கினாள். எழுந்ததும், "இனிமே அப்படி எழுதாதீங்க" என்றாள்.

எனக்கும் எழுத வரவில்லை. குழந்தையை எந்தச் சுவருக்கடியில் கிடத்தினாலும் அது கண்ணை மூடித் தூங்கிவிட்டது.

தையற்கடைக்குப் போனேன். அவர் ஒரு பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவ கத்தினான்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க." மரியாதையாகத்தான் கேட்டேன்.

"நடக்காதத எப்படிப்பா சொல்றது?"

"ஒரு தடவ போதும்."

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். "பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க. உக்காருப்பா, தண்ணி தரேன்."

அவர் குடத்தை நோக்கிக் குனிந்தபோது இஸ்திரிப் பெட்டியால் உச்சியில் அடித்தேன். மண்டை உடையும் சத்தத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நேரில் அது அவ்வளவு பெரிதில்லை. அவர் தையல் மெஷினின் மேல் சரிந்து, "ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டார். சூடான பக்கத்தை முகத்தில் வைத்து அழுத்தினேன். தோல் பொசுங்கியது. அப்போதுதான் கதறினார். அது அடங்கும்வரை அடித்தேன்.

என் மனைவி ஸ்டேஷனுக்கு வந்தால் இதைச் சொல்லுங்கள், ஐயா. அந்த அம்மா நல்லவர். நம்மைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லியிருக்கிறார். வலித்தால் யாராயிருந்தாலும் கதறத்தான் செய்வார்கள். அவரே கதறினார், நான் கேட்டேன். நம் மகளும் என்னைக் கூப்பிட்டுக் கதறித்தான் செத்தாள். பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன, பெற்றவனுக்குத் தெரியாதா?