ஆட்டுக்கிடை வீடியோ

துறைமுக லாரிகளுக்கு வழிவிட்டு ஊர்ந்துகொண்டிருந்தது ஏரல் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு விவசாயிகள். மூத்தவரின் காலடியில் பழைய சேலை சுற்றிய ஒரு மூட்டை.

“ஆட்டுப் புழுக்கையால பேரு வாங்கி, ஆட்டுப் புழுக்கையாலயே கெட்டேம்ல,” என்றார் அவர்.

“என்ன அண்ணாச்சி, ஒங்க வீடியோவ ஊரே பாத்துச்சே!” என்றார் இளையவர்.

“பாத்துச்சு. நடவுக்கு முன்ன ராத்திரி ஆட்ட வயல்ல அடைச்சு ஆட்டுக்கிடை போட்டா உரமே வாங்க வேண்டாம்னு நீட்டி மொழக்கினேன்லா. எல்லாருக்கும் அனுப்புங்கன்னு வேற சொல்லித் தொலைச்சேன்.”

“நல்ல காரியந்தான?”

“அதோட நிறுத்தியிருக்கணும். ஆட்டுக்காரர் செல் நம்பரையும் சேத்துப் போட்டுட்டேன். இப்ப அவரு கொற்கை, ஸ்ரீவைகுண்டம்னு புது மாப்பிள்ள கணக்கா விருந்துக்குச் சுத்துதாரு. நம்ம வயலுக்கு வாரும்னா, அடுத்த மாசம் பாப்போம்ங்காரு. நடவு முடிஞ்ச பெறவு ஆட்ட எங்கன நிறுத்த, என் தலையிலயா?”

“அப்ப இந்த மூட்டையில என்ன?”

“மெதுவாப் பேசுல. யூரியா. நம்மூருக் கடையில வாங்குனா சிரிப்பானுவ.”

லக்கேஜ் டிக்கெட் போட வந்த கண்டக்டர் மூத்தவரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அந்தக் கிடை வீடியோ நீங்கதான? ஒங்களப் பாத்துத்தான் எங்க வயல்லயும் நேத்து கிடை போட்டிருக்கோம். ஒரு செல்ஃபி எடுத்துக்கிடட்டுமா?”

மூத்தவர் செல்ஃபிக்கு நன்றாகவே சிரித்தார். அதற்கு முன், சேலை விலகி யூரியா என்ற எழுத்து தெரிந்த இடத்தின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டார்.