வெள்ளைச் செருப்பில் பட்ட கறை

வெள்ளைச் செருப்பு போடுகிறவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். ஒரு சொட்டு காபி சிந்தினாலும் நாள் முழுக்கக் கண்ணை உறுத்தும். நீங்கள் ஷூவைப் பளிச்சென்று வைத்திருக்கிறீர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன் சார்.

அவசரப் பிரிவில் நான் மூத்த நர்ஸ். ரத்தம், சீழ், மலம், எதற்கும் முகம் சுளிக்கமாட்டேன் என்று பெயர். சுளிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன், அவ்வளவுதான். அருவருப்பு அப்படியேதான் இருந்தது.

அந்தத் தையல்காரி எங்களுக்குப் பழக்கமானவள். மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரைகளைக் கைநிறைய விழுங்கிவிட்டு வருவாள், கழுவித் துடைத்து அனுப்புவோம், மறுபடி வருவாள். அந்த மாத்திரை அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். சோடா ஊசியை, அதாவது சமையல் சோடாவையே மருந்தாகக் கரைத்த ஊசியை, உடனே ரத்தத்தில் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள்; டாக்டர் அதைத்தான் கேட்டார்.

மருந்தை நிரப்பிக்கொண்டு குனிந்தேன். என் கையைப் பிடித்தபடி வாந்தி எடுத்தாள். இளஞ்சூடாக, பாதி கரைந்த மாத்திரைகளோடு, செருப்பின் ஓட்டைகள் வழியே என் விரலிடுக்கில் இறங்கியது. உடம்பெல்லாம் கூசியது. அதே வாயோடு சொன்னாள், "அக்கா, இந்தத் தடவை நானேதான் வண்டி புடிச்சு வந்தேன். என்னை விட்டுடாதீங்க."

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். டாக்டரின் கண் மானிட்டரிலேயே இருக்கும்; மருந்து ஏறியதும் நர்ஸ் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் கையில் குத்தியிருந்த குழாயை அலசுகிற வெறும் உப்புநீர் ஊசி பக்கத்திலேயே இருந்தது. அதை ஏற்றினேன்.

"சோடா போயாச்சு டாக்டர்."

"துடிப்பு மாறவே இல்லையே. இன்னொண்ணு போடுங்க சிஸ்டர்."

"அதுவும் போயாச்சு."

டாக்டர் நல்ல மனிதர். வியர்வை சொட்டச் சொட்ட அவள் நெஞ்சை அழுத்தினார், கடைசிவரை. பின்பு ஓடிவந்த அவள் கணவனிடம், எங்களால் ஆனதெல்லாம் செய்தோம் என்று நான்தான் சொன்னேன். "கடைசியில நீங்க பக்கத்துல இருந்தீங்களே சிஸ்டர், அது போதும்," என்றான்.

பிறகு செருப்பைத் தொட்டியில் போட்டு, சட்டைப்பையில் ஒளித்து வைத்திருந்த சோடா ஊசிகள் இரண்டையும் அதன்மேல் பீய்ச்சித் தேய்த்தேன். வாடை போக அதைவிட நல்லது கிடையாது.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். அவள் சாகத்தானே ஆசைப்பட்டாள்? பாவம் என்று விட்டுவிட்டேன். இரக்கம்தான் சார், வேறொன்றுமில்லை.

செருப்பு சாட்சிப் பொருள் என்கிறீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.