கொழுந்தன் போட்ட பாதை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மின்சாரம் இனி விடிந்த பிறகுதான் வரும். அந்தக் கதவை யாராவது சாத்துங்கள்... சரி.

இது நம் மார்லீனின் அக்கா ஓடெட்டுக்கு நடந்தது.

மாலை நான்கு மணி. தென்கிழக்குக் காற்று அடிக்கிற மாதம். பெரிய கடற்கரையிலிருந்து பாறைகளுக்கு ஊடே சின்னக் கடற்கரைக்குப் போகிறதே ஒற்றையடிப் பாதை... அதில் ஓடெட் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். வெளியூர்ப் பயணிகளுக்கு எங்கள் லா தீக் தீவைச் சுற்றிக் காட்டுவது அவள் பிழைப்பு. அன்றைக்கு வந்த தம்பதி சின்னக் கடற்கரையிலேயே தங்கிவிட்டார்கள்.

பாதி வழியில் நின்றுவிட்டாள். ஒரு பாறையில் வெள்ளை அம்புக்குறி. வழிகாட்டிகள் எல்லாரும் குறி போடுவதுதான். ஆனால் எல்லாக் குறியும் கடலைப் பார்த்திருக்கும். இது காட்டைப் பார்த்திருந்தது. தாழம்புதரை.

விரலால் தொட்டாள். ஈரம்.

சுற்றிலும் பார்த்தாள். யாருமில்லை.

"பாஸ்கால்..." என்று பல்லைக் கடித்தாள்.

பாஸ்கால் அவள் கொழுந்தன். புருஷன் கட்டட வேலைக்குப் பெரிய தீவான மாஹேக்குப் போனதிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. பழச்சாறு விற்றுக்கொண்டு சிவனே என்று இருந்தவன், திடீரென்று தானும் வழிகாட்டி என்று கிளம்பி, அவளிடம் வருகிற பயணிகளைப் படகுத்துறையிலேயே மடக்க ஆரம்பித்திருந்தான். இப்போது பாதையிலும் கை வைத்துவிட்டான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். ஒரு பிடி மணலை அள்ளிக் குறியைத் தேய்த்து அழித்தாள்.

மறுநாள் அதே பாறையில் அதே குறி. இந்த முறை தாழம்புதரில் ஆள் நுழைகிற அளவுக்கு வழியும் வெட்டியிருந்தது. அவளோடு வந்த வெள்ளைக்காரப் பெண், ஓடெட் செருப்பு வாரை மாட்டுவதற்குள் அதில் இறங்கிவிட்டாள். உள்ளே பாறைப் பிளவு. இடுப்பைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கதை முடிந்திருக்கும்.

ஓடெட் நேரே பெரிய கடற்கரையில் இருந்த பாஸ்காலின் பழச்சாறுக் கடைக்குப் போனாள்.

"என் சோத்துல ஏன்டா மண்ணைப் போடறே? அந்தப் பொம்பளைக்கு ஏதாவது ஆகியிருந்தா என் லைசென்ஸ் போயிருக்கும்!"

அவன் சீமைப்பலாவைச் சீவிக்கொண்டே சொன்னான். "நல்லாருக்கே! குறி போடறது நீங்கன்னு நான் கருவிக்கிட்டிருக்கேன். போன வாரம் என் ஆளுங்களும் அதைப் பார்த்துத்தான் காட்டுல சுத்தினாங்க. மாதா மேல சத்தியமா நான் இல்ல அண்ணி."

"உன் சத்தியத்தைத் தூக்கிக் கடல்ல போடு."

"அப்ப நாளைக்கு மூணு மணிக்கு இங்க வாங்க. சேர்ந்தே போவோம். யார் குட்டு உடையுதுன்னு பார்த்துடலாம்."

மறுநாள் ஓடெட் கடைவரை போகவே வேண்டியிருக்கவில்லை. பாதை முகப்பிலேயே அவன் நின்றிருந்தான். ஓலைத்தொப்பி, சிவப்புச் சட்டை, கையில் வெட்டுக்கத்தி. வாயைத் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"முன்னாடி நட. உன்னை முதுகுக்குப் பின்னால விட்டுட்டு நான் வரமாட்டேன்."

நடந்தான். குறி இருந்த பாறையில் இடப்பக்கம் திரும்பினான். புதருக்குள் பாதை நீண்டது... நேற்றைக்கு இருந்ததைவிட வெகுதூரம். ஒரு சருகு இல்லை. யாரோ கூட்டிப் பெருக்கியது போல். முன்னால், அடுத்த திருப்பத்துக்கு அப்பால், ஈர்க்குவிளக்குமாற்றுச் சத்தம். சரக்... சரக்... இவர்கள் திரும்பினால் அது அடுத்த திருப்பத்துக்குப் போயிருக்கும். தேங்காய்க் கொப்பரை வாட்டுகிற புகை நாற்றம் வேறு. அந்தப் பக்கத்துக் கொப்பரைச் சூளை, ஓடெட் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே இடிந்துபோனது.

"யாருடா கூட்டுறது?"

அவன் நடந்துகொண்டே இருந்தான்.

பிளவு வந்தது. பார்க்காமலே தாண்டினான். தாழ்ந்த கிளை வந்தது. அதற்கு முன்பே குனிந்தான்.

"குறி போட்டது நான் இல்லன்னியே! கண்ணை மூடிக்கிட்டு நடக்கற?"

அவன் வேகமாக நடந்தான். பாதை மறுபடி கடல் பக்கம் வளைந்து, புதர் முடிந்து, கடலுக்கு மேலே ஒரு பாறை விளிம்புக்கு வந்தார்கள். அப்போதுதான்... பின்னாலிருந்து, மூச்சு வாங்க, ஒரு குரல்.

"அண்ணி! நில்லுங்க! யார் பின்னாடி போறீங்க?"

பாஸ்காலின் குரல்.

ஓடெட் நின்றாள். முன்னால் போனவனும் நின்றான். திரும்பவில்லை. அவளும் பின்னால் திரும்பவில்லை. திரும்பினால் முன்னால் இருப்பது என்ன செய்யும்?

முன்னால் நின்றவன் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவனிடம் கேட்டாள்.

"நீ பாஸ்கால்னா சொல்லு. என் கல்யாணத்தன்னைக்கு மோதிரத்தை எங்க போட்டே?"

பின்னாலிருந்து பதில் வந்தது. "கணவாய்க் குழம்புல. நீங்கதான் கரண்டியால எடுத்தீங்க. அண்ணனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அட்சரம் பிசகவில்லை. அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி. அப்பாடா என்று அவள் மூச்சு விடப்போன நேரம்...

முன்னால் நின்றவன் சிரித்தான். தோள் குலுங்க. அதுவும் பாஸ்காலின் சிரிப்புதான்.

ஓடெட் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கடலில் குதித்துவிட்டாள்.

அந்த மாதத்தில் அந்தக் கடலில் எங்கள் ஊர்க்காரன் எவனும் கால் நனைக்க மாட்டான். அலை அவளைப் பாறையில் அடித்தது. முழங்கைத் தோல் கிழிந்தது. நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போய், முனையைச் சுற்றி, இருட்டுகிற நேரத்தில் பெரிய கடற்கரை மணலில் வந்து விழுந்தாள்.

கடையில் விளக்கு எரிந்தது. பாஸ்கால் ஓடிவந்தான். உடம்பில் நீலச் சட்டை.

"அண்ணி! என்ன கோலம் இது? மூணு மணியிலேருந்து உட்கார்ந்திருக்கேன், வர்றேன்னுட்டு வரவே இல்லையே!"

பக்கத்துக் கடை ஃபிரெடோவும் அடித்துச் சொன்னார், அவன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை என்று. பிறகு வண்டி பார்க்கிறேன் என்று அவரும் ஓடினார்.

கடற்கரையில் இரண்டு பேர்தான். பாஸ்கால் துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினான். குனிந்து, காதோரம், மெதுவாகக் கேட்டான்.

"சரியாத்தானே அண்ணி சொன்னேன்... அப்புறம் ஏன் குதிச்சீங்க?"