மூடியைத் திறந்தவன்

எங்கள் எர்மோசியோ ஊரில் ஜூன் மாதம் பிறந்தால் எல்லோருக்கும் தலைவலி வந்துவிடும், ஐயா. எனக்கு வந்ததே இல்லை. வெயில் என்னைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. விசிறியை நீங்கள் உங்கள் பக்கமே திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பெர்லாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெர்லா என் பாம்பு. ஆப்பிரிக்க மலைப்பாம்பில் சின்ன வகை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வாளே தவிர யாரையும் கடித்ததில்லை. இந்த வருஷம்தான் முதல் தடவையாக முட்டையிட்டாள். ஏழு முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஈரப்பாசி பரப்பிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடினேன். பாம்பு முட்டையைக் கோழிமுட்டை போலப் புரட்டக் கூடாது. இட்டபோது மேலே இருந்த பக்கம் கடைசிவரை மேலேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கரு செத்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியுமா? வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். யாராக இருந்தாலும் பார்க்கத்தான் செய்வார்கள்.

ஒருநாள் டயர் கடையிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால், மூடி தரையில் கிடக்கிறது. பாசி காய்ந்து சருகாகிவிட்டது. காற்றுப்போன ரப்பர் பந்துபோல முட்டைகள் ஒடுங்கிக் கிடந்தன. வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

வீட்டில் என்னைத் தவிர இருந்தது ஒரே ஆள், என் அண்ணன் லிபோரியோ. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டோடு பக்கத்து அறையில் படுத்திருந்தான். நான் எட்டிப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னடா நசாரியோ, முட்டையெல்லாம் ஒடுக்கு விழுந்துபோச்சாமே? விடு, பெர்லாகிட்ட சொல்லி வேற போடச் சொல்லு."

ஒடுக்கு விழுந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். நான் போட்ட கூச்சல் தெருமுனைவரைக்கும் கேட்டது என்றான். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வற்றிப்போன முட்டையைக் காப்பாற்ற முடியும், ஐயா. பலர் தூக்கிப் போட்டுவிடுவார்கள், பொறுமை கிடையாது. ஈரமான பாசியை மேலே மெல்லப் போர்த்தி, மூடியை இறுக்கி, சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால், ஓடு கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழுத்து உப்பிவிடும். ஆனால் என் அறை அந்த மாதத்தில் ரொட்டி அடுப்பு. வீட்டில் இருந்தது ஒரே கூலர், அண்ணனின் ஜன்னலில். அதைக் கழற்றி என் அறைக்குக் கொண்டுபோனேன்.

"எவ்வளவு நேரத்துக்குடா?"

"கொஞ்ச நேரந்தாண்ணே."

அந்த வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவன் கட்டிலருகே குடிதண்ணீர் கேன் இருந்தது, பாதிக்கு மேல். அதையும் எடுத்துக்கொண்டேன். பாசிக்கு அவ்வளவு தேவையில்லைதான். ஆனால் கூலருக்கும் ஊற்ற வேண்டும் அல்லவா.

சாயங்காலத்துக்குள் அவன் குரல் மாறிவிட்டது. "தம்பி, நாக்கு ஒட்டுதுடா. ஒரு வாய் தண்ணி குடுடா."

"மூடியத் தெறந்தது நீதானே? ஒத்துக்கோ, தரேன்."

"நான் எங்கடா எந்திரிச்சேன்?"

வெளியே போய்விட்டேன். மறுபடி கூப்பிட்டான். "சரிடா, நாந்தான். நாந்தான் தெறந்தேன். போதுமா? தண்ணி குடு."

அவனே தன் வாயால் சொன்னது இது. நான் ஒன்றும் அவனை அடிக்கவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டவனுக்குக் கையில் தம்ளரைக் கொடுத்து அனுப்பிவிடுவீர்களா, ஐயா? தண்டனை என்று ஒன்று இருக்கிறதே.

மறுநாள் அவன் கட்டிலை ஆட்ட ஆரம்பித்தான். சுவர் அதிர்ந்தது. அதிர்ச்சி முட்டைக்கு ஆகாது. அதனால் அவன் அறை ஜன்னலைச் சாத்தினேன், கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அப்போது அவன் உயிரோடு இருந்தான். கண் உள்ளே போயிருந்தது. புறங்கையைக் கிள்ளிப் பார்த்தேன், தோல் கிள்ளியபடியே நின்றது. அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். முந்தின நாளிலிருந்து முட்டைகளில் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு ஒபேலியா அக்கா கோதுமை ரொட்டி கொண்டுவந்து வாசலில் நின்றார். "அண்ணன் ஏதோ முனகுற மாதிரி இருக்கே, தம்பி?"

"வலிதாங்க்கா. மாத்திரை குடுத்திருக்கேன், இப்பத் தூங்கிருவாரு."

"பாவம். நீயும் ஒத்த ஆளா எவ்வளவுதான் பாப்ப?" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் பாசியை விலக்கிப் பார்த்தேன். ஏழும் உப்பியிருந்தன. வெள்ளை வெளேரென்று, உச்சியில் புள்ளியோடு. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அதனால்தான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

கட்டிலிலிருந்து விழுந்து, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தான். நான் புரட்டவில்லை. இப்போது அந்த முட்டைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. புள்ளி மேலேயே இருக்கட்டும் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது, ஐயா. தண்ணீருக்காகக்கூடத் தன் அறைக் கதவுவரை வர முடியாதவன், அன்றைக்கு எப்படி எழுந்து வந்து என் அறையில் மூடியைத் திறந்திருப்பான் என்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். உங்களுக்கு லிபோரியோவைத் தெரியாது. அவனால் நடக்க முடியும் என்பதைக் கடைசிவரை காட்டிக்கொள்ளவே இல்லை, அவ்வளவு அழுத்தக்காரன்.