ஹீட்டர் பக்கத்தில் நாலு டயர்

எழுபதுகளில் ஒரு ஜனவரிக் காலை. ஸ்டுட்கார்ட் டிராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ் இளைஞர்கள். ஒருவன் மடியில் பெண்கள் போடும் புதுக் கம்பளிக் கோட்டு.

"நாலு டயரும் ரூமுக்குள்ளதான் இருக்கு" என்றான் கோட்டுக்காரன்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"டயரா? காருக்கு என்னடா ஆச்சு?"

"குளிர்ல காத்து இறங்கிடுச்சு. கழட்டிட்டு வந்து ஹீட்டர் பக்கத்துல வெச்சேன். இப்ப கேஜ்ல பாத்தா பிரஷர் கரெக்டா இருக்கு."

"வெளியில கொண்டுபோய் மாட்டினா திரும்ப இறங்கிடுமேடா."

"இறங்கும். அதான் மாட்டலை."

"பெட்ரோல் பங்க்ல காத்து அடிச்சா முடிஞ்சுதே!"

"வாயுவோட பிரஷர்லதான் டாக்டரேட் பண்றேன். நான் போய் பங்க்காரன்கிட்ட காத்து கேக்கறதா?"

"அப்ப கார்?"

"செங்கல் மேல நிக்குது."

"பாவம்டா. உன் பொண்டாட்டி, புருஷன் கார்ல வந்து கூட்டிட்டுப் போவான்னு நினைச்சுட்டு வர்றா."

"கார் இருக்குன்னுதான் எழுதினேன். ஓடும்னு எழுதலையே."

எனக்குச் சிரிப்பு வெடித்தது. பக்கத்திலிருந்த ஜெர்மன் கிழவர் என்னை முறைத்தார். நான் இருமுவதுபோல் நடித்தேன். ரயில் நிலையம் நெருங்கியதும் இருவரும் எழுந்தார்கள்.

"மதுரை வெயில்லேருந்து நேரா இந்தக் குளிருக்கு வர்றா. ஹீட்டர் பக்கத்துல அவளுக்கு இடமாவது இருக்கா?"

டிராம் நின்று கதவு திறக்கும்வரை கோட்டுக்காரன் யோசித்தான்.

"ஒரு டயரை வேணா நகத்தலாம்."