பர்ச் மரத்துத் தொட்டில்

சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சுக்கோங்க. அப்புறம் பார்க்கிங் லாட் வரைக்கும்கூடத் தனியா போக மாட்டீங்க.

நம்ம சேனாபதியோட தங்கச்சி நாகமணிக்கு நடந்தது இது. தொண்ணூத்தேழு டிசம்பர், நம்ம நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோ. சாயங்காலம் நாலே முக்கால்தான்... ஆனா இங்கதான் தெரியுமே, அதுக்குள்ள கும்மிருட்டு. அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால சோளக்காட்டு ரோடு. ஒரு கார் இல்ல. ஏழு மாச வயித்தைத் தாங்கிக்கிட்டு, கையில கத்தரிக்கோலோட, நாகமணி மட்டும் நடக்கறா.

ரோட்டுக் கடைசியில ஒரு வெள்ளைப் பட்டை பர்ச் மரம். பக்கத்து வீட்டு துருக்கிக்கார ஆன்ட்டி நெரிமான் அதுலதான் துணி முடிஞ்சு வேண்டிக்குவாங்க. பொறக்காத குழந்தைங்க குருவியா மரத்து உச்சியில உக்காந்திருக்கும், கூப்பிட்டா இறங்கி வரும்னு அவங்க ஊர்ல சொல்வாங்களாம்.

நம்மாளு என்ன பண்ணினா? கல்யாணமான புதுசுல, நம்ம கோயில் மரத்துல கட்டற மாதிரியே புடவையைக் கிழிச்சு, கூழாங்கல்லை உள்ள வச்சு, குட்டித் தொட்டில் கட்டிட்டா. அதுக்கப்புறம் ரெண்டு தடவை உண்டாச்சு. ரெண்டும் தங்கல. பாவம், அழுது அழுது பாதியாயிட்டா.

அன்னிக்கு மத்தியானம்தான் அந்தத் தொட்டில் நெரிமான் ஆன்ட்டி கண்ணுல பட்டிருக்கு. பதறிப்போய் ஓடி வந்தாங்க.

"முடிச்சு மட்டும்தான் போடணும். நீ படுக்கையே போட்டுக் குடுத்துட்டியே! குருவிங்க அங்கேயே தூங்கிடுச்சு. இனிமே அதைத் தொடாதே, மரம் கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்கட்டும் ஆன்ட்டி. எனக்கு அதைவிடக் கோவம் வருது."

மரத்தடியில காத்து இல்ல. கிளையில ஒரு இலை இல்ல. ஆனா தொட்டில் மட்டும்... க்ரீச்... க்ரீச்... கூடவே வசம்பு சுட்ட வாசம். நியூ ஜெர்சி பனியில வசம்பு! ஒரு அடி பின்னால வச்சா. வாய் மட்டும் அடங்கல.

"ரெண்டை வச்சுக்கிட்ட. இது என்னுது. ஆனதைப் பார்த்துக்கோ!"

நறுக்... நறுக்... தொட்டில் கையில விழுந்தது. உள்ள கூழாங்கல்தானே? வெதுவெதுன்னு இருந்துச்சாம்.

பிப்ரவரியில பொண்ணு பொறந்தா. வெண்பா. கொழுகொழுன்னு, ஊரைக் கூட்டற குரல்.

அவளுக்கு மூணு வயசு முடிஞ்சது. ஒரு நாள் தூங்க வைக்கறப்ப...

"அம்மா, மூவ் ஓவர். அவங்க ரெண்டு பேருக்கும் பெட் இல்ல. நீ கட் பண்ணிட்டியாமே?"

இந்த விஷயம் புருஷன் கிட்டுசாமிக்கே தெரியாது. குழந்தைக்கு யார் சொன்னா?

வேற யாரா இருந்தாலும் வீட்டையே காலி பண்ணிருப்பாங்க. நாகமணி அழுதா... அழுதுக்கிட்டே எந்திரிச்சா. கல்யாணப் புடவையை எடுத்து, க்ளோசெட் கம்பியில பெரிய தொட்டிலா கட்டினா.

"வாங்கடா கண்ணுங்களா. மரம் என்ன ஆட்டறது, நான் ஆட்டறேன். எவன் வந்து கேக்கறான்னு பார்ப்போம்!"

போன வாரம் நான் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். தொட்டிலுக்குள்ள எட்டிப் பார்த்தேன். காலி.

ஆனா புடவை... நல்லா தொய்ஞ்சிருந்தது. ரெண்டு இடத்துல.