காப்பு என்றால் பூட்டா, பிரதியா?

அன்பினால் இந்த அவையை ஆளும் தலைவர் அப்துல் ஸமத் ஹாஜியார் அவர்களே! கலேவெலயின் வெயிலையும் பல்லேபொலவின் மழையையும் ஒரே நாளில் தாண்டி, இரண்டு பஸ் மாறி, மூன்று பஸ் மாறி வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்கும் தாய்மார்களே! ஊசிக்கு அஞ்சாமல் உதிரம் தந்து, தந்ததையும் மறந்துவிட்டு, யாரோ போல அமைதியாக அமர்ந்திருக்கும் குருதிக்கொடையாளர்களே! உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம், என் வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் மூன்று கதிரை வெறுமனே கிடக்கிறது. விருந்தினருக்கு என்றா சொல்கிறீர்கள்? வராத விருந்தினரைவிட வந்த தாய்மார் பெரியவர்கள். வாங்கம்மா, வந்து உட்காருங்க.

என் பெயர் ராமநாதன். மாத்தளையில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இன்று நாம் வெளியிடுவது என்ன? காவியமா? இல்லை. கவிதைத் தொகுதியா? இல்லை. நம் குருதிக்கொடைச் சங்கத்தின் பெயர்ப் பதிவேடு கணினிக்குள் ஒரு தரவுத்தளமாக இருக்கிறதே, அதை எப்படி இயக்குவது என்று சொல்லும் தொண்ணூற்றாறு பக்கக் கையேடு. “இதுக்குப் போய் இவ்வளவு பெரிய மேடையா?” என்று பின்னால் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, இரண்டு வருடங்களுக்கு முன் நானும் அதையேதான் கேட்டேன். இன்று இந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மென்பொருளை எழுதியவர் நம் துஷ்யந்தன். யாருக்கு எந்த இரத்த வகை, எந்த ஊர், எந்தத் தொலைபேசி, எல்லாம் அதற்குள் இருக்கும். பலாபத்வலச் சங்கக் கந்தோரில் அமர்ந்து அதை இயக்குபவர் றிப்னா. துஷ்யந்தன் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, “சேர், இத எப்படிப் பாவிக்கிறதுன்னு தமிழ்ல எழுதித் தாங்க. உங்களவிட யாரு நல்லா எழுதுவாங்க?” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் கவிழ்ந்தேன்.

எழுதினேன், அவையோரே, எழுதினேன்! என் மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். ஒரே சொல்லைக் கட்டுரையில் இரண்டு தடவை எழுதினால் சிவப்பு மையால் கோடு போடுகிற ஆள் நான். அந்தச் சிவப்பு மையோடுதான் கையேட்டையும் எழுதினேன். ஓரிடத்தில் ‘நீக்குக’ என்றேன். அதே வேலைக்கு அடுத்த பக்கத்தில் ‘அகற்றுக’ என்றேன். அதற்கடுத்த பக்கத்தில் ‘களைக’ என்றேன். அலங்காரம்! அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு ஒரே சொல்லை வைத்தேன். ஒருவருடைய விவரத்தை எடுத்துவிடுவதும் ‘நீக்குக’. தேடிப் பார்த்து முடித்தபின் திரையில் தெரிவதைத் துடைப்பதும் ‘நீக்குக’. உள்ளே இருக்கும் அத்தனை பேரின் விவரத்தையும் அடியோடு அழிப்பதும் ‘நீக்குக’. படித்துப் பார்த்தேன். தேன் போல இருந்தது.

ஓர் ஒக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை காலை. றிப்னா யாரோ ஒருவருடைய பெயரைத் தேடி முடித்திருக்கிறார். என் கையேட்டைப் புரட்டியிருக்கிறார். பக்கம் பதினெட்டில் நான் எழுதியிருந்தேன்: ‘தேடல் முடிந்ததும் அட்டவணையை நீக்குக.’ திரையைத் துடைக்கத்தான் சொன்னேன். ஆனால் துஷ்யந்தனின் திரையிலே ‘அட்டவணையை நீக்கு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அது எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான். அழுத்தினார். ‘உறுதியா?’ என்று கணினி கேட்டது. ‘உறுதி செய்க’ என்று என் கையேடு சொன்னது. உறுதி செய்தார்.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போனார்கள்.

“சேர், திரையில ஒண்ணுமே இல்ல. எல்லாம் போயிருச்சு சேர்” என்று தொலைபேசியில் றிப்னா அழுதார். பாடசாலை விடுமுறை, நானும் துஷ்யந்தனும் மோட்டார் சைக்கிளில் பறந்தோம். துஷ்யந்தன் வழியெல்லாம் என்னைத் தேற்றினார். “பயப்படாதீங்க சேர். ஒவ்வொரு வெள்ளியும் பிரதி எடுத்திருப்பாங்க. அத எடுத்துப் போட்டாச் சரி.”

கந்தோருக்குள் போனதும் என் கையேட்டுச் சொல்லாலேயே கேட்டார்: “காப்பு எங்க றிப்னா?”

“எல்லா வெள்ளியும் போட்டேனே. பாஸ்வேர்ட் மாத்தி மாத்திப் போட்டேன்.”

துஷ்யந்தன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையேட்டைப் பார்த்தேன். ‘வெள்ளி தோறும் தரவுத்தளத்துக்குக் காப்பு இடுக.’ கோவிலில் காப்புக் கட்டுவதை நினைத்து நான் உருகி எழுதிய வரி. பிரதி எடுத்து வை என்பதுதான் நான் நினைத்தது. அந்தப் பிள்ளை என்ன நினைத்தது? “காப்புன்னா பூட்டுத்தானே சேர்? யாரும் திறக்காம இருக்கத்தானே?” என்று கேட்டது. அவையோரே, அந்தப் பிள்ளை சொன்னதும் சரியான தமிழ்தான்!

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே தொலைபேசி ஒலித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. கலேவெலயைச் சேர்ந்த ஸக்கியா என்ற தாய். குழந்தை பிறந்துவிட்டது, இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். இருந்ததை ஏற்றிவிட்டார்கள். வெளியிலிருந்து வரவேண்டியது மண்சரிவில் வீதி மூடி வழியில் நிற்கிறது. “உங்க லிஸ்ட்ல இருக்கிற ஆக்கள உடனே அனுப்புங்க.”

எந்த லிஸ்ட்?

விண்ணப்பத் தாள்கள் அலுமாரியில் இருந்தன. ஆனால் இரத்த வகைப்படி அல்ல. முகாம் நடந்த திகதிப்படி. நாலாயிரம் தாள்! துஷ்யந்தன் தலையில் கை வைத்து அமர்ந்துவிட்டார். அப்போது, அதுவரை அழுதுகொண்டிருந்த றிப்னா முகத்தைத் துடைத்தார். எழுந்து அலுமாரியைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“பல்லேபொல முகாம், வெசாக் கழிஞ்ச கிழமை. த்ரீவீல் ஓடுறவர், சின்னப்பிள்ளைன்னு பேரு. ஓ நெகட்டிவ். பிறந்த வருஷத்தப் பிழையா எழுதிட்டு ரெண்டாந்தரம் வந்து திருத்தினாரு. அந்தக் கட்ட எடுங்க சேர்.”

எடுத்தேன். இருந்தது!

“நோன்புப் பெருநாளுக்கு முந்தின முகாம். டீச்சரம்மா ஒருத்தவங்க, மேனகா. ஊசி போடுறப்ப பாட்டுப் பாடினாங்க.”

எடுத்தேன். இருந்தது!

நாலாயிரம் பேரைத் தன் கையால் கணினிக்குள் ஏற்றியவர் அவர். நமக்கு அவை எழுத்துகள். அவருக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம். அரைமணி நேரத்தில் ஏழு பேரை அந்தக் காகித மலைக்குள்ளிருந்து எடுத்தார். கணினி மறந்ததை ஒரு மனுசி மறக்கவில்லை என்பதை என் கண்ணால் கண்டேன்.

சின்னப்பிள்ளை அண்ணனுக்கு அழைப்புப் போனபோது அவர் வண்டியில் ஒரு குடும்பம் இருந்தது. தொலைபேசியில் நான் சொல்வது அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. “நாங்க பஸ்ல போறோம், நீங்க திருப்புங்க” என்று நடுவழியில் இறங்கிவிட்டார்கள். பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. இந்த மண்டபத்தில் இருந்தால் அவர்களுக்கு என் கும்பிடு. ஏழு பேரில் நால்வர் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர்ந்தார்கள். பரிசோதித்தார்கள், ஏற்றினார்கள். பின்னேரம் தாதி வெளியே வந்து, “தாய் கண் முழிச்சிட்டா” என்றார்.

அந்த நேரம் ஸக்கியாவின் கணவர் நளீம் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்கதான் ஆள் தேடித் தந்தீங்களாம் சேர். அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான்” என்று விம்மினார். என் கை நெருப்பில் இருந்தது போல இருந்தது. ஆள் தேடித் தந்தவன் நானா? ஆளைத் தொலைத்தவன் அல்லவா நான்! அன்று எனக்கு அதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

இன்று சொல்கிறேன். நளீம் தம்பி, மடியில் மகளோடு முன்வரிசையில் இருக்கிறீர்கள், பார்க்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். அந்தப் பட்டியல் அழிந்தது றிப்னாவின் விரலால் அல்ல, என் பேனாவால். உங்கள் மனைவியின் உயிர் அன்று என் அழகுத் தமிழில் மாட்டிக்கொண்டு ஊசலாடியது. என்னை மன்னியுங்கள்.

என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதி, கேட்கட்டும்… “சத்தம் போடாமப் பேசுங்க சேர், புள்ள இப்பத்தான் தூங்குறா” என்கிறார். சிரியுங்கள், அவையோரே, சிரியுங்கள்! இப்படிப்பட்ட மன்னிப்பை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சரி, சத்தத்தைக் குறைத்தே சொல்கிறேன்.

அழிந்த பெயர்களைக் கந்தோரில் எல்லோருமாகத் தாள்களைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் றிப்னா விலகல் கடிதத்தோடு வந்தார். நான் என் கையேட்டோடு போனேன், கிழித்துப் போடுவதற்கு. துஷ்யந்தன் இரண்டையும் வாங்கி மேசையில் வைத்து, “ரெண்டு பேரும் உட்காருங்க. முதல்ல எந்த வேலைக்கு எந்தச் சொல்லுன்னு தீர்ப்போம்” என்றார். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஒரு செயலுக்கு ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஒரு செயல். புத்தகத்தில் என்னவோ அதுவே திரையிலும். இதுதான் உடன்பாடு. கேட்க எளிது. செய்து பாருங்கள்!

‘பதிவு’ என்ற ஒரு சொல்லுக்கே ஒரு ஞாயிறு முழுதும் போனது. பெயரைச் சேர்ப்பதும் பதிவு, சேமிப்பதும் பதிவு, ஒருவருடைய விவரமும் பதிவு என்று எழுதியிருந்தேன். ஒருவருடைய விவரம் மட்டுமே பதிவு என்று தீர்த்தோம். திரையில் தெரிவது பட்டியல். உள்ளே இருப்பது அட்டவணை. ஒருவரை எடுப்பது நீக்கு. திரையைச் சுத்தமாக்குவது துடை. எல்லாவற்றையும் இல்லாமல் செய்வது ‘அடியோடு அழி’. “அந்தச் சொல்லப் பார்த்தாலே பயம் வருது” என்றார் றிப்னா. “வரட்டும்” என்றோம்.

‘காப்பு’க்காக நான் கடைசிவரை போராடினேன். அதன் அழகைச் சொன்னேன், பழமையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை சொன்னது: “அழகா இருக்கு சேர். ஆனா என் கை எங்க போகணும்னு அது சொல்லலையே.”

முப்பது வருடம் தமிழ் கற்பித்தவனுக்கு அன்றைக்குத்தான் பாடம் விளங்கியது. ‘பிரதி எடு’ என்று எழுதினேன். என் சிவப்பு மைப் பேனாவால் என் காப்பை நானே வெட்டினேன். “திரைய மாத்த ஏலாது சேர், ரொம்ப வேல” என்று முதலில் முறைத்த துஷ்யந்தனும் ஒவ்வொரு பொத்தானையும் மாற்றினார். ஒவ்வொரு வரியையும் றிப்னா படித்தார். அவர் விரல் ஒரு கணம் தயங்கினால் அந்த வரி வீழ்ந்தது. இந்தத் தொண்ணூற்றாறு பக்கத்தில் அவர் விரல் தயங்கும் இடம் ஒன்றுகூட இல்லை. விலகல் கடிதம் என்னவானது என்கிறீர்களா? அதன் பின்பக்கத்தில்தான் சொற்பட்டியலின் முதல் பிரதியை எழுதினோம்!

இன்னும் ஒன்றே ஒன்று. கலேவெலக் கிளையில் ஆஸியா என்று புதிதாக ஒருவர் சேர்ந்தார். எங்கள் மூவரையும் அவர் கண்டதே இல்லை. கையேட்டின் அச்சுக்கு முந்திய பிரதி ஒன்று மட்டும் அவரிடம் இருந்தது. போன மாதம் இடி விழுந்து அங்கே கணினி கருகிப் போயிருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. மூன்று கிழமை கழித்து வேறு வேலையாகப் போனபோது புதுக் கணினியைக் கண்டு விசாரித்தேன். கணினிக்கு வெளியே எடுத்து வைத்திருந்த வெள்ளிக்கிழமைப் பிரதியிலிருந்து அத்தனை பேரையும் தனியாக மீட்டிருக்கிறார். மீட்ட அன்று பகலே ஒரு நோயாளிக்கு ஆளும் அனுப்பியிருக்கிறார்.

“ஏம்மா, எங்களுக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே?” என்றேன்.

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். “எதுக்கு சேர்? நாப்பத்தோராம் பக்கத்துல இருந்துச்சு. செஞ்சேன்.”

செஞ்சேன்! அவையோரே, என் எழுத்துக்கு மாலை விழுந்திருக்கிறது, கைதட்டல் விழுந்திருக்கிறது. இந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அவை எம்மாத்திரம்! எழுதியவன் முகம் தெரியாமல், படித்தவர் விரல் தயங்காமல், நடுவில் ஓர் உயிர் பிழைத்துப் போகிறதே, மொழிக்கு இதைவிட என்ன மகுடம் வேண்டும்?

நேரம் தந்த தலைவருக்கும், நினைவு தந்த றிப்னாவுக்கும், திரையைத் திருத்திய துஷ்யந்தனுக்கும், உதிரம் தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. தூங்குகிற பிள்ளைக்காக இன்று கைதட்ட வேண்டாம். கையை நெஞ்சில் வைத்து விடை கொடுங்கள். போய் வருகிறேன். வணக்கம், வஸ்ஸலாம்.